இனிக்காத ஒயின்

செவ்வாய்க்கிழமை மத்தியானம் மாணிக்கவாசகம் கிராணி சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தபோது, கமலவேணி மரவள்ளிக்கிழங்கைத் துருவிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் அவள் கை நின்றுவிட்டது. ஜப்பான்காரர்கள் மலாக்காவைப் பிடித்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. கூலியாட்களைச் சேர்த்து அனுப்பும் அவர்களுடைய ஆபீசில் அவர் குமாஸ்தாவாக இருந்து பெயர்ப் பட்டியல் எழுதினார். அவர்கள் குடியிருந்த காஜா பெராங்கில் அவர் யார் வீட்டு வாசலை மிதித்தாலும் அந்த வீட்டில் அன்றைக்கு அடுப்பு எரிவதில்லை.

"நல்லையா எங்கே?"

"படுத்திருக்காருங்க ஐயா. காய்ச்சல் விட்டு விட்டு வருது. கொய்னா மாத்திரைக்கு எங்கே போறது? பப்பாளி இலையை இடிச்சுத்தான் கொடுக்கிறேன்."

கிராணி உட்காரவில்லை. சுவரைப் பார்த்தபடி சொன்னார். "வெள்ளிக்கிழமை காலையில லோரி வருது. சயாமுக்கு. இந்த வட்டாரத்துல பதினெட்டு ஆள் கேட்டிருக்கான். உன் புருஷன் பேரு பதினொண்ணாவது."

சயாமில் ரயில் பாதை போடுகிறார்கள், மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்று சொல்லித்தான் போன சித்திரையில் முதல் லோரியில் ஏற்றினார்கள். அதில் போனவர்களிடமிருந்து ஒரு வரிக் கடிதம்கூட வரவில்லை. கொல்லைப்புறம் போகவே சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிற மனுஷன் காட்டுக்குள் போய் என்ன செய்வார்? லோரியிலேயே செத்துப் போவார்.

அவள் எழுந்து வந்து கிராணியின் காலில் விழுந்தாள். அவர் சட்டென்று பின்னால் நகர்ந்தார்.

"நானாம்மா விரும்பி எழுதுறேன்? எண்ணிக்கை குறைஞ்சா ஆபீசர் என் பேரை எழுதிக்கச் சொல்றான். முந்தாநாள் அறைஞ்ச அறையில இந்தப் பக்கம் காதே கேக்கலே."

வாசல்வரை போனவர் அங்கேயே நின்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு திரும்பினார். "நல்லையா கிளப்புல பார் வேலை பார்த்தவன்தானே? ஒண்ணு கேக்கிறேன். எங்க ஆபீசர் சண்டைக்கு முன்னாடி பிரான்சுல ஏதோ கப்பல் கம்பெனியில ஆறு வருஷம் இருந்தவன். வியாழக்கிழமை சிங்கப்பூர்லேர்ந்து அவனோட பெரிய அதிகாரி விருந்துக்கு வர்றாரு. சிவப்பு ஒயின் வேணுமாம். இனிப்பு இருக்கவே கூடாதாம். ஊர்ல உள்ளவங்க மருந்து ஒயினு, மாதா கோயில் ஒயினு எல்லாம் கொண்டாந்து கொடுத்தாங்க. வாயில வச்சுத் துப்பிட்டுக் கொடுத்தவனையே அறையிறான். அப்படி ஒண்ணு நல்லையாவுக்குத் தெரிஞ்ச இடத்துல இருந்தா, நாளைக்கு மத்தியானத்துக்குள்ள சொல்லு. பேரை எடுக்கச் சொல்லிப் பார்க்கிறேன்."

சைக்கிள் சத்தம் தேய்ந்த பிறகும் அவள் வாசலிலேயே நின்றாள். உள்ளேயிருந்து நல்லையாவின் குரல் கேட்டது.

"வேணி, இங்கே வா. கதவைச் சாத்திட்டு வா."

அவர் எல்லாவற்றையும் கேட்டிருந்தார். பாயில் எழுந்து உட்கார்ந்திருந்தார். கன்னம் ஒட்டி, கண் குழிக்குள் போயிருந்தது.

"கோழிக்கூட்டுக்கு அடியில மூணு பாட்டில் புதைச்சு வச்சிருக்கேன்."

நல்லையா வெள்ளைக்காரர்களின் கிளப்பில் பதினான்கு வருஷம் பார் பார்த்தவர். ஜப்பான்காரன் மலாக்காவை நெருங்கிவிட்டான் என்று சேதி வந்த அன்றைக்கு, இருக்கிற சாராயத்தையெல்லாம் உடைத்துச் சாக்கடையில் ஊற்றச் சொல்லி கிளப் செயலாளர் உத்தரவு போட்டார். பக்கத்திலேயே நின்று எண்ணினார். நல்லையா அழுதுகொண்டே உடைத்தார். சமையல்காரன் கறியில் ஊற்ற வைத்திருந்த மலிவான சிவப்பு ஒயினை மட்டும் யாரும் எண்ணவில்லை. அதில் மூன்றைத்தான் வேட்டிக்குள் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்.

"பாவி மனுஷா!" என்றாள் கமலவேணி. "திருடுனவன் தலையை வெட்டிப் பாலத்துல வச்சிருந்தானே, பார்த்தீங்கதானே? அப்பவும் சொல்லலே. ஒன்றரை வருஷமா அதுக்கு மேல நடந்து நான் கோழிக்குத் தீனி போட்டிருக்கேன்."

"எதுக்கு எடுத்தேன்னு எனக்கே தெரியலே வேணி. அவ்வளவையும் உடைச்ச கைக்கு ஏதாவது ஒண்ணை மிச்சம் வைக்கணும்னு தோணிச்சு."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். கையை எடுப்பதற்குள், எப்படித் தோண்டுவது என்ற யோசனை வந்துவிட்டது. நல்லையாவால் மண்வெட்டியைத் தூக்க முடியாது. அவள் தோண்டினால் சாயங்காலம்வரை ஆகும். வாசலை ஒட்டிய சடக்கில் போகிற வருகிற எல்லோரும் பார்ப்பார்கள்.

பக்கத்து வீட்டு தேவதாஸைக் கூப்பிட்டாள். தேவதாஸ் காட்டில் விறகு வெட்டிப் பெண்டஹாரா தெருவில் விற்றுவருகிறவன். முப்பது வயது, தேக்குக் கட்டை மாதிரி உடம்பு. அவன் மனைவி ருக்மணி, இரண்டு பெண் குழந்தைகள். பெரியவளுக்கு ஐந்து வயது, சின்னவள் இன்னும் தவழ்ந்துகொண்டிருந்தாள். கமலவேணிக்குப் பிள்ளை இல்லை. அந்த இரண்டும் பாதி நாள் இவள் வீட்டில்தான் கிடக்கும்.

விஷயத்தைக் கேட்டதும் தேவதாஸ் மண்வெட்டியோடு வந்தான். கோழிக்கூட்டை ஒற்றை ஆளாகத் தூக்கி நகர்த்தினான். கூட்டுக்குப் புதிதாகக் கால் நடுகிறவன் மாதிரி நாலு மூலையிலும் கொஞ்சம் கொஞ்சம் தோண்டினான். பிறகுதான் நடுவில் வெட்டினான். மூன்று பாட்டில்களையும் விறகுக் கட்டுக்குள் சொருகி வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்தான்.

"நான் எதையும் பார்க்கலேக்கா" என்று சொல்லிவிட்டுப் போனான்.

பாட்டில்களின் மேல் ஒட்டியிருந்த காகிதம் மக்கிப் போயிருந்தது. நல்லையா ஒவ்வொன்றையும் ஈரத்துணியால் துடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"கெட்டிருக்கலாம்" என்றார். "இந்த ஊர் சூட்டுல ஒன்றரை வருஷம். விலையுள்ளதா இருந்தாத் தாங்கும். இது சமையல்காரன் ஒயினு. புளிச்சுக் காடியா மாறியிருந்தா அந்த ஆபீசர் என்னை லோரி வரைக்கும்கூட விடமாட்டான்."

"திறந்து பாருங்க."

"திறந்த பாட்டிலை எவன் வாங்குவான்? விஷம் கலந்துட்டோம்னு நினைப்பான்."

"திறக்காம கொடுத்து அது காடியா இருந்தா?"

அவர் பாட்டிலை மடியில் கிடத்தினார். பிறகு தகரப் பெட்டிக்குள்ளிருந்து தக்கை பிடுங்கும் திருகை எடுத்துத் தரச் சொன்னார். தந்ததும் வேறொன்றைச் சொன்னார்.

"நீதான் குடிச்சுப் பார்க்கணும்."

"நானா?"

"எனக்கு மூக்கு செத்துப் போச்சே வேணி."

அது அவளுக்குத் தெரிந்த விஷயம்தான். போன வருஷம் பாலத்தில் நின்ற ஜப்பான் காவல்காரனுக்குக் குனிந்து வணக்கம் சொல்ல மறந்ததற்காக அவன் துப்பாக்கிக் கட்டையால் இடித்தான். நல்லையா மல்லாந்து விழுந்து பின்மண்டையில் அடிபட்டது. எழுந்த நாளிலிருந்து அவருக்கு எந்த வாசனையும் தெரியவில்லை. கருவாடு தீய்ந்தாலும் தெரியாது.

"நாக்குல புளிப்பு தெரியும், கசப்பு தெரியும். ஆனா எல்லா ஒயினும் கொஞ்சம் புளிக்கத்தான் செய்யும். அது பழத்தோட புளிப்பா, கெட்டுப்போன புளிப்பான்னு மூக்குதான் சொல்லணும்."

கமலவேணி சுவரோரமாகப் போய் உட்கார்ந்துவிட்டாள். அவளுடைய அப்பா ஜாசின் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் சம்சுச் சாராயம் குடித்தே கண் தெரியாமல் போய், லயத்து வீட்டு வாசலில் விழுந்து செத்தவர். அந்த வாடை பட்டாலே அவளுக்குக் குமட்டும். குடிக்கிறவனைக் கட்டமாட்டேன் என்று பிடிவாதமாக நின்றவள். பாரில் வேலை பார்த்தும் ஒரு நாளும் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்ததில்லை என்பதற்காகத்தான் நல்லையாவை அவளுக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

"திறங்க" என்றாள்.

முதல் தக்கை பொடிப் பொடியாக உதிர்ந்தது. கிளாஸில் ஊற்றி அவளிடம் நீட்டினார்.

"குடிக்காதே. முதல்ல மோந்து பாரு."

"ஐயோ. சீனன் கடைக் காடி. கண்ணு எரியுது."

"அது போச்சு."

இரண்டாவதைத் திறந்தார். அவள் மோந்து பார்த்தாள். காடி வாடை இல்லை. இன்னொரு தடவை மோந்தாள்.

"மழையில நனைஞ்ச சாக்கு மாதிரி இருக்கு. கிடப்புல போட்ட சாக்கு."

"தக்கை கெட்டுப் போச்சு" என்றார் நல்லையா. "கெட்ட தக்கை ஒயினையும் கெடுத்துடும். பிரான்சுல இருந்தவனுக்கு மோந்ததுமே தெரியும்."

மூன்றாவதின் தக்கையில் திருகை இறக்க அவருக்குப் பலம் போதவில்லை. அவளும் சேர்ந்து பிடித்துக்கொண்டாள். தக்கை முழுசாக வந்தது. கிளாஸில் ஊற்றியது மங்கிய சிவப்பாக, நாட்பட்ட செங்கல் நிறத்தில் இருந்தது.

மோந்தாள். என்னவென்று சொல்ல வரவில்லை. "கெட்ட வாடை இல்லே" என்று மட்டும் சொன்னாள்.

"அப்ப குடி. ஒரு வாய். உடனே முழுங்காதே, வாய்க்குள்ள வச்சுச் சுத்து."

அப்பாவின் முகம் வந்து நின்றது. கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் எடுத்தாள். துப்பப் போனவளை அவர் கையமர்த்தினார்.

"துப்பாதே. சொல்லு."

விழுங்கிவிட்டுச் சொன்னாள். "வாயைப் பிடிக்குது. பாக்கு மென்ன மாதிரி, ஈறெல்லாம் இழுக்குது."

"இனிப்பு?"

"துளிகூட இல்லே. இதைப் போயா காசு கொடுத்துக் குடிக்கிறாங்க?"

"புளிப்பு?"

"இருக்கு. ஆனா காடி மாதிரி குத்தலே. பழுக்காத நாவப்பழத்தைக் கடிச்சா வருமே, அப்படி."

"முழுங்கின பிறகு என்ன மிச்சம் இருக்கு? யோசிச்சுச் சொல்லு வேணி."

அவள் யோசித்தாள். உயிரைப் பிடித்துக்கொண்டு யோசித்தாள். "துவர்ப்பு. மங்குஸ்தீனை உரிச்ச கையை வாயில வச்சா வருமே, அந்தத் துவர்ப்பு. அது போகமாட்டேங்குது."

நல்லையா சுவரில் சாய்ந்தார். கண்ணிலிருந்து நீர் வழிந்தது. "போகக் கூடாது. நல்லா இருக்கு. கெடலே. வெள்ளைக்காரன் இதைத்தான் டிரைன்னு சொல்லுவான். காய்ஞ்சதுன்னு அர்த்தம். தண்ணியா இருக்கிறது எப்படிக் காய்ஞ்சதாகும்னு நான் சிரிச்சிருக்கேன்."

தக்கையைத் திரும்ப அழுத்தி, ஈரத்துணி சுற்றி, பாட்டிலைத் தண்ணீர்ப் பானையின் பக்கத்தில் வைத்தார்கள். அன்றைக்கு அவர்கள் இரண்டு பேரும் ஒன்றும் சாப்பிடவில்லை.

புதன்கிழமை மத்தியானம் சைக்கிள் வரவில்லை, மோட்டார் வந்தது. காலையிலேயே கமலவேணி ஆபீஸ் வாசலுக்குப் போய்க் கிராணியிடம் சொல்லியிருந்தாள். கோழிக்கூட்டுக்கு அடியில் புதைத்திருந்ததையும், திறந்த பாட்டில் என்பதையும் மறைக்காமல் சொன்னாள். அதனால்தான் ஆபீசரே வந்துவிட்டான். தெருவே கதவைச் சாத்திக்கொண்டது.

ஆபீசர் குட்டையான ஆள், கண்ணாடி போட்டிருந்தான். வாளை மடியில் கிடத்திக்கொண்டு வீட்டிலிருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்தான். நல்லையா சுவரைப் பிடித்து எழுந்து இடுப்பு வளைய வணங்கினார். கிராணி மூலையில் நின்றார். பாட்டிலைப் பார்த்த ஆபீசர் கிளாஸ் நிறைய ஊற்றச் சொன்னான். பிறகு கமலவேணியைக் காட்டினான்.

"மினும்!"

"நீ முதல்ல குடிக்கணுமாம்" என்றார் கிராணி. "முழுசா."

முதல் நாள் காலையிலிருந்து எதுவும் போகாத வயிற்றில் அந்த ஒயின் தீயாக இறங்கியது. நிறுத்தாமல் குடித்து முடித்தாள். ஆபீசர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான். எவ்வளவு நேரம் என்று அவளுக்குத் தெரியாது. கால் மரத்தது, காதில் இரைச்சல் கேட்டது. விழுந்துவிடக் கூடாது, விழுந்தால் விஷம் என்று நினைத்துவிடுவான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

ஒருவழியாக அவன் வேறொரு கிளாஸில் ஒரு விரல் அளவு ஊற்றச் சொல்லி, வெளிச்சத்தில் பார்த்து, மோந்து, வாயில் வைத்தான். நல்லையாவைப் பார்த்தான். "அப்பா இனி?"

இது என்ன ஒயின் என்று மலாயில் கேட்கிறான். விலை உயர்ந்தது என்று ஒரு பெயரைச் சொல்லிவிடலாம். கமலவேணி தன் புருஷன் முகத்தையே பார்த்தாள்.

"மலிவான ஒயின், துவான்" என்றார் நல்லையா மலாயில். "கிளப்புல சமையலுக்கு வச்சிருந்தது. ஆனால் இனிப்பு கிடையாது."

ஆபீசர் எழுந்தான். நல்லையாவின் கன்னத்தில் ஓங்கி ஒரு அறை விட்டான். எங்கே திருடினாய் என்று கேட்கவில்லை. அந்த அறையே அதற்கும் சேர்த்துத்தான் போலிருந்தது. பிறகு திரும்ப உட்கார்ந்து இன்னொரு வாய் குடித்தான்.

"மூரா" என்றான். மலிவுதான் என்று தலையாட்டினான். "தாப்பி பைக்." ஆனால் நல்லது.

வேறு பாட்டில் இருக்கிறதா என்று கேட்டான். மற்ற இரண்டையும் காட்டினாள். மோந்து பார்த்து முகம் சுளித்து, ஜன்னல் வழியாக வெளியே வீசினான். மூன்றாவதைத் தக்கையோடு எடுத்துக்கொண்டு மோட்டாருக்குப் போய்விட்டான்.

கிராணி மட்டும் ஒரு நிமிஷம் பின்தங்கினார். சட்டைப் பையிலிருந்து பட்டியலை எடுத்துப் பென்சிலால் ஒரு கோடு கிழித்தார். "தலையாட்டிட்டான். உன் புருஷன் பேரை அடிச்சாச்சு."

கமலவேணிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. தலை சுற்றியது; நாக்கு கட்டவிழ்ந்த மாதிரி இருந்தது. "நீங்க நல்லா இருக்கணும் ஐயா, உங்க பிள்ளைகுட்டி நல்லா இருக்கணும்" என்று சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

"இவன் இப்படிக் கிடக்கிறானே, யாரு தோண்டி எடுத்தா?" என்று கேட்டார் கிராணி.

"பக்கத்து வீட்டு தேவதாஸ் தம்பிதாங்க. தங்கமான ஆளு. நாங்க ரெண்டு பேரும் அசைக்க முடியாத கூட்டை ஒத்தை ஆளாத் தூக்கிட்டாரு. யானை பலம்!"

பாயிலிருந்து நல்லையா, "வேணி!" என்று அதட்டினார். அவள் ஏன் என்று புரியாமல் திரும்பிப் பார்த்தாள். கிராணி பட்டியலை மடித்து வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு வெளியே போனார்.

வெள்ளிக்கிழமை காலையில் ருக்மணியின் அலறல் கேட்டுத்தான் கமலவேணி வெளியே ஓடினாள். விடிவதற்குள் இரண்டு சிப்பாய்கள் வந்து தேவதாஸைக் கூட்டிக்கொண்டு போயிருந்தார்கள். அவன் சட்டையைக்கூடப் போட்டுக்கொள்ளவில்லையாம்.

அந்த நிமிஷம்தான் கமலவேணிக்கு எல்லாம் விளங்கியது. குடித்திருந்த நேரத்தில் தான் சொன்ன ஒவ்வொரு சொல்லும் திரும்பக் கேட்டது. ருக்மணி சின்னவளை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஓட, இவள் பெரியவளைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினாள்.

பள்ளிக்கூடத் திடலில் லோரி நின்றது. பின்னால் தேவதாஸ் வெறும் உடம்போடு உட்கார்ந்திருந்தான். பெண்களைக் கிட்டே விடவில்லை. கமலவேணி சிப்பாயின் கைக்குக் கீழே குனிந்து கிராணியிடம் போய்விட்டாள்.

"ஐயா, அவருக்கு ரெண்டு சின்னப் பிள்ளைங்க. நான் அதுக்காகச் சொல்லலே. அவர் பேரை அடிச்சிடுங்க. உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறேன்."

மாணிக்கவாசகத்தின் முகம் களைத்துப் போயிருந்தது. கோபம்கூட இல்லை. "பதினெட்டு ஆளு ஏத்தணும். இப்ப பதினெட்டு இருக்கு. தேவதாஸை இறக்கினா ஒரு ஆள் குறையும்." பென்சிலை எடுத்தார். "உன் புருஷன் பேரைத் திரும்ப எழுதட்டுமா? சொல்லு. நீ சொன்னா இப்பவே எழுதுறேன்."

ருக்மணி நாலடி தள்ளி நின்றுகொண்டிருந்தாள். அவள் அழுகையை நிறுத்திவிட்டுக் கமலவேணியின் வாயையே பார்த்தாள். லோரியில் இருந்த தேவதாஸும் பார்த்தான்.

கமலவேணி வாயைத் திறந்தாள். சொல் எழும்பவில்லை. எழுதுங்கள் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. இடுப்பில் இருந்த பெரியவள், "அத்தே, அப்பா எங்கே போறாரு?" என்று கேட்டாள். லோரி கிளம்பிவிட்டது.

ருக்மணி வந்து மகளை அவளுடைய கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

விஷயம் தெரிந்ததும் நல்லையா பாயைவிட்டு எழுந்து திடலுக்குக் கிளம்பினார். "நான் போறேன், என்னை ஏத்திக்கட்டும்" என்று சொல்லிக்கொண்டே சடக்கில் நூறு அடி நடந்திருப்பார். அங்கேயே மயங்கி விழுந்தார். கமலவேணிதான் தோளில் சாய்த்துக் கூட்டிவந்தாள். அதன் பிறகு அவர் பிழைத்தார். எப்படிப் பிழைத்தார் என்று அவளுக்குத் தெரியாது. சில நாள் அது அவளுக்கே பொறுக்க முடியாததாக இருந்தது. எழுந்து நடமாடத் தொடங்கியதும் அவர் தேவதாஸ் வேலியில் சொருகிவிட்டுப் போயிருந்த பாராங்கத்தியை எடுத்துக்கொண்டு விறகு வெட்டப் போனார். தேவதாஸ் வெட்டுகிறதில் கால் பங்குதான் அவரால் முடிந்தது. விற்று வந்ததைக் கிழங்காகவோ உப்பாகவோ மாற்றி, ஒரு பானையில் போட்டு ருக்மணி வாசலில் வைத்துவிட்டு வருவார்.

முதல் மாதம் முழுக்க ருக்மணி அதைத் தொடவில்லை. கிழங்கை நாய் தின்றது. இரண்டாம் மாதம் சின்னவளுக்குக் கை கால் வீங்கியது. அதன் பிறகு வைத்த பானை காலியாகி, கழுவி, வேலியோரத்தில் கவிழ்ந்திருக்கும். பேச்சு மட்டும் இல்லை. கமலவேணி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கூப்பிட்டால் அந்தப் பக்கம் கதவு சாத்தப்படும். இப்படி இரண்டு வருஷத்துக்கு மேல் போயிற்று.

ஜப்பான்காரன் தோற்றுப்போன பிறகு அந்தப் பதினெட்டுப் பேரில் நாலு பேர் திரும்பி வந்தார்கள். எலும்பும் தோலுமாக வந்த சேதுராமன் என்கிற ஒருவர் ருக்மணி வீட்டுக்குப் போய் அரை மணி நேரம் இருந்துவிட்டு வந்தார். அவர் தெருவில் தலைகுனிந்து போவதைப் பார்த்ததுமே கமலவேணிக்குத் தெரிந்துவிட்டது. அழுகைச் சத்தம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை.

சற்று நேரத்தில் ருக்மணி இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வேலியைச் சுற்றி நடந்து இந்த வீட்டு வாசலில் வந்து நின்றாள். கழுத்தில் மஞ்சள் கயிறு இல்லை.

"காலராவாம்" என்றாள். "போய் அஞ்சாவது மாசமே. எனக்குத் தெரியாம ரெண்டு வருஷமாப் பொட்டு வச்சிருந்திருக்கேன்."

கமலவேணி வாசலுக்கு இறங்கி வந்தாள். அவள் கையைப் பிடிக்கப் போனாள். ருக்மணி கையைக் கொடுக்கவில்லை. பின்னால் இழுத்துக்கொள்ளவும் இல்லை.

"பிள்ளைங்களைப் பார்த்துக்கக்கா. நான் தெங்கேரா கடலுக்குப் போய் முழுகிட்டு வர்றேன்."

அவள் தனியாகப் போனாள். கூட வருகிறேன் என்று சொல்லக் கமலவேணிக்குத் துணிவு இல்லை. பிள்ளைகளுக்குக் கிழங்கு அவித்துக் கொடுத்தாள். சின்னவளுக்குத் தலை வாரினாள். ஆனால் கண் முழுக்கத் தெரு முனையில்தான் இருந்தது. ஒரு மணி நேரம் ஆயிற்று. நல்லையா எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு, "நான் போய்ப் பார்த்துட்டு வர்றேன்" என்று இறங்கினார். அவர் வேலியைத் தாண்டுவதற்குள் ருக்மணி முனையில் திரும்பினாள். ஈரப் புடவை காலில் ஒட்ட, தலைமயிரிலிருந்து நீர் சொட்ட, மெதுவாக நடந்து வந்தாள்.

வந்தவள் அவர்கள் இருவரையும் பார்த்தாள். பிறகு தூங்கிக்கொண்டிருந்த சின்னவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, பெரியவளைக் கையில் பிடித்துக்கொண்டு தன் வீட்டுக்குப் போனாள். போகிறபோது கதவைச் சாத்தவில்லை.